விஷக்கல்லும் விசுவாசமும்

மூடநம்பிக்கை என்னும் சொல்லை நாம் பெரும்பாலும் அடுத்தவரின் நம்பிக்கையைக் குறிக்கவே பயன்படுத்துகின்றோம். படித்தவர் கிராமத்தவரைப் பார்த்து இச்சொல்லைச் சொல்கின்றார். ஒரு சமயத்தவர் மறு சமயத்தவரைப் பார்த்துச் சொல்கின்றார். சமயமே வேண்டாம் என்பவர் எல்லோரையும் பார்த்துச் சொல்கின்றார். தான் நம்புவதை மூடநம்பிக்கை என்று ஒப்புக்கொள்பவரைக் காண்பது அரிது. ஆகவே இச்சொல்லை வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் ஏசிக்கொள்வதில் பயனில்லை. எது மூடநம்பிக்கை, எது சமய விசுவாசம், எது பண்பாடு, எது விஞ்ஞானம் என்பதைப் பிரித்தறிய எமக்கு ஓர் அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோல் எமது அன்பியக் கூட்டத்திலும், மாதர் சங்கத்திலும், கமக்காரர் அமைப்பிலும் எடுத்துப் பயன்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும்.

இவ்விடயத்தைப் பொதுவாகப் பேசினால் அது வெறும் பேச்சாகவே முடிந்துவிடும். எனவே எமது கிராமங்களில் உயிரோடு சம்பந்தப்பட்ட ஒரு காரியத்தை எடுத்து அதனூடாகச் சிந்திப்போம். அது பாம்புக்கடி.

ஏன் பாம்புக்கடி?

பாம்புக்கடி ஏழைகளின் துன்பம். வயலில் வெறுங்காலோடு நிற்பவரையும், விறகுக்குப் போகின்றவரையும், தேயிலைக் கொழுந்து பறிப்பவரையும், மண் வீட்டில் நிலத்தில் பாய் விரித்துப் படுக்கும் பிள்ளையையுமே பாம்பு தேடி வந்ததுபோல் கடிக்கின்றது. இலங்கை முழுவதிலும் வீடு வீடாகச் சென்று, ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பற்றிய விபரங்களைத் திரட்டி நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2016இல் வெளியாயிற்று. அதன் மதிப்பீட்டின்படி எமது நாட்டில் ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடிக்கின்றது. அவர்களுள் ஏறத்தாழ 30,000 பேருக்கு உடலில் விஷம் ஏறுகின்றது. ஏறத்தாழ 400 பேர் இறக்கின்றனர். உலக சுகாதார நிறுவனம் 2017இல் பாம்பு விஷத்தைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. பாம்புக்கடி மரணங்களையும் அதனால் ஏற்படும் ஊனத்தையும் 2030ஆம் ஆண்டளவில் பாதியாகக் குறைக்க வேண்டுமென 2019இல் திட்டமும் வகுத்தது.

இத்தனை பேரைத் தாக்கும் ஒரு துன்பத்தைச் சுற்றி எமது மக்கள் பல காரியங்களைச் செய்து வந்துள்ளனர். பார்வை பார்த்தல், மந்திரித்த நூல் கட்டுதல், விஷக்கல் வைத்தல், கடிவாயைக் கீறி விடுதல், நாகதம்பிரானுக்கு நேர்த்தி வைத்தல், மடு மாதாவின் திருத்தலத்திலிருந்து எடுத்துவந்த மண்ணைப் பூசுதல் எனப் பலவுண்டு. இவை எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு மூடநம்பிக்கை என்று எறிந்துவிடலாமா? அல்லது எல்லாமே எமது பாரம்பரியம் என்று ஏற்றுக்கொள்ளலாமா? இரண்டும் அவசரமான முடிவுகள். ஒவ்வொன்றாக நோக்குவோம்.

விஷக்கல் ஏன் "பலிக்கின்றது"?

விஷக்கல் என்பது பல இடங்களில் கருக்கிய எலும்புத் துண்டே. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைய இருக்கும். கடிவாயில் சிறிது இரத்தம் கசியச் செய்து அதன்மேல் வைத்தால், அத்துளைகள் ஈரத்தை உறிஞ்சுவதால் கல் ஒட்டிக்கொள்ளும். ஈரம் நிறைந்ததும் தானாக விழும். பின்னர் அதைப் பாலில் போட்டால் குமிழ் குமிழாக நுரை வரும். கல் குடித்த விஷத்தைக் கக்குகின்றது என்று சொல்வார்கள். உண்மையில் துளைகளுக்குள் பால் புக, உள்ளேயிருந்த காற்று வெளியேறுகின்றது. பாம்பின் பல் விஷத்தைத் தோலுக்கு அடியில் செலுத்திவிடுகின்றது. அங்கிருந்து அது உடலெங்கும் பரவுகின்றது. மேலே ஒட்டியிருக்கும் கல் அதை எட்டிப் பிடிக்க முடியாது.

அப்படியானால் கல் வைத்தவர்கள் பலர் பிழைத்தார்களே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மேலே தந்த கணக்கை மீண்டும் பாருங்கள். கடிபட்ட 80,000 பேரில் விஷம் ஏறியவர்கள் 30,000 பேர். அதாவது எட்டுப் பேரில் மூவர். மற்ற ஐவருக்கும் விஷம் ஏறவில்லை. கடித்தது விஷமில்லாத பாம்பாக இருக்கலாம். விஷப்பாம்பே கடித்தும் விஷத்தைச் செலுத்தாமல் விட்டிருக்கலாம். ஆகவே எட்டுப் பேருக்குக் கல் வைத்தாலும், எட்டுப் பேருக்கு வெறும் கூழாங்கல் வைத்தாலும், ஒன்றுமே வைக்காவிட்டாலும், ஐந்து பேர் எழுந்து வீட்டுக்கு நடந்து போவார்கள். அவர்கள் ஊரெல்லாம் சாட்சி சொல்வார்கள். விஷம் ஏறி இறந்தவர் வந்து சாட்சி சொல்வதில்லை.

இன்னுமொன்று உண்டு. நோயாளி பிழைத்தால் கல் காப்பாற்றியது என்போம். இறந்தால் கல்லில் பிழை சொல்வதில்லை. "நேரம் பிந்திக் கொண்டு வந்தீர்கள்", "துடக்கு வீட்டார் கண்டு விட்டார்கள்", "செய்தி கொண்டு வந்தவன் தெற்கே பார்த்து நின்றான்", "விதி முடிந்துவிட்டது" என்று ஏதாவதொரு காரணம் தயாராக இருக்கும். எது நடந்தாலும் கல்லுக்கே வெற்றி. "இல்லை" என்னும் பதில் கல்லுக்கு எதிராக ஒருபோதும் வருவதில்லை. வந்தாலும் அதைக் கேட்பதற்கு ஆளில்லை.

எமது அளவுகோல் இதிலேயே இருக்கின்றது. "இல்லை" என்ற பதிலைக் கேட்க மறுக்கும் நம்பிக்கையே மூடநம்பிக்கை. இந்த அளவுகோலை விஞ்ஞானத்துக்கும், சமயத்துக்கும், பண்பாட்டுக்கும் வைத்துப் பார்ப்போம்.

விஞ்ஞானம்: இல்லை என்பதைக் கேட்கும் காது

விஷக்கல் எமது கிராமங்களுக்கு மட்டும் உரியதல்ல. 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து திரும்பிய மறைபரப்புக் குருக்கள் ஐரோப்பாவுக்கும் அதைக் கொண்டுசென்றனர். உரோமையில் வாழ்ந்த பேரறிஞரான இயேசுசபைக் குரு அத்தனாசியஸ் கேர்க்கர், விரியன் கடித்த ஒரு நாய்க்குக் கல்லை வைத்தார், நாய் பிழைத்தது. கல் உண்மையிலேயே பலிக்கின்றது என்று 1667இல் வெளியான தமது நூலில் எழுதினார். புளோரன்ஸ் நகர அரச வைத்தியரான பிரான்செஸ்கோ ரெடி அதோடு விட்டுவிடவில்லை. கற்களைச் சேகரித்து, பல பிராணிகளில் திரும்பத் திரும்பச் சோதித்தார். கல் பயன் தரவில்லை. அந்த முடிவை 1671இல் நூலாக வெளியிட்டு, அதைக் கேர்க்கர் அடிகளுக்கே மடலாக எழுதினார். குருவானவர் அறிவில்லாதவர் அல்லர்; ரெடி அவரைவிடப் பக்தி குறைந்தவர் என்றும் சொல்வதற்கில்லை. ஒருவர் ஒரு நாய் பிழைத்ததோடு நிறுத்திக்கொண்டார். மற்றவர் "இல்லை" என்ற பதில் வருகின்றதா என்று தொடர்ந்து கேட்டார். வேறுபாடு அவ்வளவுதான். ஆபிரிக்காவில் பரவலாக வழங்கும் கறுப்புக் கல்லை வைத்து எலிகளில் செய்யப்பட்ட ஓர் ஆய்வும் 2007இல் அதே முடிவைத் தந்தது.

வைத்தியசாலையில் நடப்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். புடையன் கடித்தால் இரத்தம் உறையும் தன்மையை இழக்கின்றது. ஆகவே கடிபட்டவரின் இரத்தத்தில் சிறிதளவை ஒரு சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசையாமல் வைக்கின்றார்கள். பின் குழாயைச் சரித்துப் பார்க்கின்றார்கள். இரத்தம் உறைந்திருந்தால் ஒரு பதில். தண்ணீராக ஓடினால் மறு பதில். அந்தக் குழாய்க்கு "ஆம்" என்றும் சொல்லத் தெரியும், "இல்லை" என்றும் சொல்லத் தெரியும். வைத்தியர் எதிர்பார்த்ததற்கு மாறாகவும் அது பேசும். அதனாலேயே அதை நம்பலாம்.

விஞ்ஞானம் மற்றவர்களிடம் மட்டுமல்ல, தன்னிடமும் இக்கேள்வியைக் கேட்க வேண்டும். விஷமுறிவு மருந்து குதிரையின் இரத்தத்திலிருந்து தயாரிக்கப்படுவதால் சிலருக்கு அது கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். அதைத் தடுப்பதற்கென வைத்தியர்கள் நெடுங்காலமாகச் சில மருந்துகளை முன்கூட்டியே கொடுத்து வந்தார்கள். இலங்கையிலேயே 1,000க்கும் மேற்பட்ட நோயாளரிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஓர் ஆய்வு அம்மருந்துகளைச் சோதித்தது. குறைந்த அளவில் ஏற்றப்படும் அட்ரினலின் கடும் ஒவ்வாமையைக் குறைத்தது. வழக்கமாகக் கொடுக்கப்பட்டுவந்த ஹைட்ரோகோர்ட்டிசோனும் புரோமெதசினும் அவ்வாறு குறைக்கவில்லை. வெள்ளை அங்கி அணிந்தவர்களின் வழக்கத்துக்கும் "இல்லை" என்ற பதில் கிடைத்தது. அவர்கள் அதைக் கேட்டார்கள்.

அதேபோல் விஞ்ஞானம் தன் எல்லையையும் மறைக்கக்கூடாது. எமது வைத்தியசாலைகளில் நெடுங்காலமாகப் பயன்படுத்தப்பட்டுவரும் இந்தியத் தயாரிப்பான விஷமுறிவு மருந்து நாகம், புடையன், எட்டடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு பாம்புகளுக்கென ஆக்கப்பட்டது. ஈரவலயத்திலும் தோட்டப்புறங்களிலும் அதிகமாகக் கடிக்கின்ற, சிங்களத்தில் குணகட்டுவா என்றழைக்கப்படும் சிறு விரியனின் விஷத்துக்கு அது முறிவாகாது. அக்கடியில் சிலருக்குச் சிறுநீரகம் பழுதடைகின்றது. அவர்களை வைத்தியசாலையில் வைத்துக் கவனித்து, சிறுநீரகத்துக்கு வேண்டிய சிகிச்சையைக் கொடுத்தே காப்பாற்ற வேண்டியுள்ளது. ஊசி எல்லாவற்றுக்கும் போதும் என்று நாம் சொன்னால் அதுவும் இன்னொரு விஷக்கல்லாகிவிடும்.

எட்டடி விரியன் கற்பிக்கும் பாடம்

மூடநம்பிக்கையின் விலை என்ன என்பதை எட்டடி விரியன் தெளிவாகக் காட்டுகின்றது. சில இடங்களில் இதை எண்ணெய் விரியன் என்பர். வரண்ட வலயத்தில் வாழும் இப்பாம்பு இரவில் வீட்டுக்குள் வந்து, நிலத்தில் படுத்திருப்பவரைக் கடிக்கின்றது. கடி பெரும்பாலும் வலிப்பதில்லை, வீக்கமுமில்லை, சிலவேளை கடித்த அடையாளமே தெரிவதில்லை. பிள்ளை நடுச்சாமத்தில் வயிற்றுவலி என்று அழும். விடியப்புறத்தில் கண் இமைகள் மேலெழாமல் சொக்கும். பேச்சுக் குழறும். விழுங்க முடியாது. பின் மூச்சுவிடும் தசைகளும் சோர்ந்துபோகும்.

பாம்பைக் கண்டவர் எவருமில்லை. ஆகவே வீட்டார் என்ன நினைப்பார்கள்? கண்ணூறு என்பார்கள். பேய் அடித்துவிட்டது என்பார்கள். அயலவர் செய்வினை செய்தார் என்பார்கள். மந்திரிப்பவரைத் தேடி ஆள் போகும். இங்கே மூடநம்பிக்கை இரண்டு கேடுகளைச் செய்கின்றது. முதலாவது, நேரத்தைத் திருடுகின்றது. எட்டடி விரியனின் விஷம் நரம்பின் முனைகளைச் சேதப்படுத்திய பின்னர் ஊசியால் அதை உடனே மாற்ற முடியாது. ஆனால் நோயாளியைச் செயற்கைச் சுவாச இயந்திரத்தில் சில நாட்கள் வைத்திருந்தால் நரம்புகள் மெல்ல மெல்லத் தேறி, அவர் எழுந்து வீட்டுக்கு வருவார். மூச்சு நிற்பதற்குமுன் வைத்தியசாலையை அடைவதிலேயே உயிர் தங்கியிருக்கின்றது. இரண்டாவது, அது குற்றவாளியைத் தேடுகின்றது. பாம்பின்மேல் இருக்க வேண்டிய பழி அயல்வீட்டுப் பெண்மேலும், விதவையின்மேலும் விழுகின்றது. பிள்ளையை இழந்த தாய்க்கு நாகதோஷம் என்று இன்னொரு சுமையும் ஏற்றப்படுகின்றது.

பிறவியிலேயே பார்வையற்றிருந்தவனைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தது இவனா, இவன் பெற்றோரா என்று ஆண்டவரிடம் கேட்டார்கள் (யோவான் 9:1-3). இருவருமில்லை என்று அவர் பதிலளித்தார். அங்கேயும் "இல்லை" என்ற சொல்லே விடுதலையாக வந்தது.

சமயம்: முதலில் எமது வீட்டைப் பார்ப்போம்

திருமறையில் பாம்புக்கடி பற்றி மூன்று பகுதிகள் எமக்கு உதவுகின்றன.

பாலைநிலத்தில் பாம்புகள் மக்களைக் கடித்தபோது, மோசே வெண்கலப் பாம்பொன்றைச் செய்து கம்பத்தில் உயர்த்தினார். அதை நோக்கியவர்கள் பிழைத்தார்கள் (எண்ணிக்கை 21:4-9). இறைவனே சொல்லிச் செய்வித்த அடையாளம் அது. ஆனால் பல தலைமுறைகளுக்குப் பின்னர் மக்கள் அந்த வெண்கலத்துக்கே தூபம் காட்டத் தொடங்கினார்கள். எசேக்கியா மன்னன் அதை உடைத்துப்போட்டான் (2 அரசர்கள் 18:4). அவன் சமயப்பற்று இல்லாதவனல்லன். சமயத்தைக் காப்பாற்றவே அதை உடைத்தான். நல்ல அடையாளமும் இறைவனை மறக்கச் செய்தால் மூடநம்பிக்கையாகிவிடும் என்பது இதிலிருந்து விளங்குகின்றது.

மால்த்தா தீவில் புனித பவுலின் கையைப் பாம்பு பற்றிக்கொண்டது (திருத்தூதர் பணிகள் 28:3-6). அதைக் கண்டவர்கள் இவன் கொலைகாரனாக இருக்க வேண்டும் என்றார்கள். அவருக்கு ஒன்றும் நேராததைக் கண்டதும் இவர் ஒரு தெய்வம் என்றார்கள். இரண்டும் தவறு. கடிபட்டவனைப் பாவி என்பதும், பிழைத்தவனைத் தெய்வம் என்பதும் ஒரே மூடநம்பிக்கையின் இரு பக்கங்கள்.

மூன்றாவது சீராக்கின் ஞானநூல் 38ஆம் அதிகாரம். நோயுற்றால் மன்றாடு, பாவத்தை விட்டு விலகு, வைத்தியருக்கும் இடங்கொடு என அது கற்பிக்கின்றது. மருந்தும் இறைவன் மண்ணிலிருந்து படைத்ததே என்கின்றது. செபமா, வைத்தியமா என்று எம்மில் சிலர் கேட்கும் கேள்விக்கு இத்திருமறைப் பகுதியில் இடமேயில்லை.

இனி மடு மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது எமது மக்களின் உள்ளத்தோடு ஒன்றிப்போன விடயம். மடு அன்னையின் திருத்தல மண் பாம்பு விஷத்திலிருந்து காக்கும் என்று தலைமுறை தலைமுறையாக நம்பி, ஒரு பிடி மண்ணைப் பொட்டலமாகக் கட்டி வீட்டில் வைத்திருக்கின்றார்கள். கத்தோலிக்கர் மட்டுமல்ல, சைவரும் பௌத்தரும் அதை எடுத்துச் செல்கின்றார்கள். அடர்ந்த காட்டினூடாகக் கால்நடையாகவும் மாட்டு வண்டியிலும் மடுவுக்குச் சென்ற மக்கள், வழியில் தம்மைக் காத்த அன்னையை நினைத்து எடுத்துவந்த மண் அது. அதை ஏளனம் செய்பவர் எமது மக்களின் வரலாற்றையே ஏளனம் செய்கின்றார்.

ஆயினும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லாமல் விடுவது மேய்ப்பர்களின் கடமை தவறுவதாகும். மடு மண் செபத்துக்குத் துணை, விஷத்துக்கு மருந்தல்ல. வெளிச்சடங்கைச் செய்தாலே பலன் வரும், உள்ளத்தின் மனநிலை தேவையில்லை என்று நினைப்பது மூடநம்பிக்கையில் வீழ்வதாகும் என 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 2111) கற்பிக்கின்றது. மண்ணை நெற்றியில் இட்டு, அன்னையை மன்றாடிக்கொண்டே நோயாளியை வைத்தியசாலைக்குத் தூக்கிச் செல்பவரிடம் விசுவாசம் இருக்கின்றது. மண்ணைப் பூசிவிட்டோம், இனி ஆஸ்பத்திரி எதற்கு என்று வீட்டில் இருப்பவர் அன்னையைச் சோதிக்கின்றார். ஆலயத்தின் உச்சியிலிருந்து குதி, தூதர் தாங்குவார் என்று சோதிக்கப்பட்டபோது எமதாண்டவர் குதிக்கவில்லை (மத்தேயு 4:5-7).

இதே கண்ணோடு எம்மிடையே வழங்கும் மற்றக் காரியங்களையும் பார்க்கலாம். இத்தனை பிரதி எடுத்து இத்தனை பேருக்கு அனுப்பாவிட்டால் கேடு வரும் என்று புனிதர்களின் பெயரால் வரும் கடிதங்கள் முன்பு தபாலில் வந்தன. இன்று கைத்தொலைபேசியில் வருகின்றன. அவற்றில் செபமில்லை, பயமுறுத்தல்தான் இருக்கின்றது. ஒன்பது செவ்வாய் தவறாமல் போனால் புனிதர் தந்தே தீர வேண்டும் என்று நவநாளைக் கணக்கு வழக்காக்குவதும் அப்படியே. கெத்சமனித் தோட்டத்தில் இயேசு மன்றாடியபோது துன்பக் கிண்ணம் அகற்றப்படவில்லை. "இல்லை" என்ற அந்தப் பதிலை மகன் ஏற்றுக்கொண்டார். இறைவனைக் கட்டாயப்படுத்த முனைவது மந்திரம். கேட்டுவிட்டு, அவர் விருப்பத்துக்குக் காத்திருப்பது செபம்.

ஆகவே விஞ்ஞானமும் மெய்யான சமயமும் பகைவர்களல்ல. ஒன்று இயற்கையின் பதிலுக்குச் செவிகொடுக்கின்றது. மற்றது இறைவனின் பதிலுக்குச் செவிகொடுக்கின்றது. படைப்புப் பொருட்களுக்குத் தமக்கேயுரிய ஒழுங்குமுறைகள் உண்டு, அவற்றை விஞ்ஞானம் சுதந்திரமாக ஆராய வேண்டும் என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் "இன்றைய உலகில் திருச்சபை" என்னும் ஏட்டில் (எண் 36) கூறியது. அதை உணராதிருந்த கிறிஸ்தவர்களைக் குறித்து வருந்தவும் செய்தது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1988இல் வத்திக்கான் வானாய்வகத்தின் இயக்குநருக்கு எழுதிய மடலில், விஞ்ஞானமும் சமயமும் ஒன்றையொன்று தூய்மைப்படுத்த வல்லவை என்று சுட்டிக்காட்டினார்.

பண்பாடு: வேரைப் பிடுங்காமல் களை எடுத்தல்

எமது சைவ சகோதரர் நாகதம்பிரானுக்குப் பொங்கல் வைக்கின்றார்கள். வன்னியில் புதூர் நாகதம்பிரான் கோயிலையும், தீவகத்தில் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலையும் நாடிச் செல்கின்றார்கள். இதை மூடநம்பிக்கை என்று சொல்ல எமக்கு உரிமையில்லை. அது அவர்களின் வழிபாடு. வயலையும் காட்டையும் மனிதன் பாம்போடு பகிர்ந்து வாழ்கின்றான் என்ற பணிவும் அதில் இருக்கின்றது. கண்ட பாம்பையெல்லாம் அடித்துக் கொல்பவர், நெல்லைத் தின்னும் எலிக்கே உதவி செய்கின்றார்.

அம்மாள் வருத்தத்தை எடுத்துக்கொள்வோம். அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை கட்டி, வெளியார் வருவதைத் தவிர்த்து, நோயாளியைத் தனியே வைத்தார்கள். தொற்று என்ற சொல்லை அறியாமலே தொற்றைத் தடுக்கும் வழியொன்று அவ்வழக்கத்தில் அமைந்திருந்தது. பெரியம்மை ஒழிந்துவிட்டதென உலக சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தது. அதை ஒழித்தது அம்மைப்பால். அதனால் மாரியம்மன் கோயில்களில் விளக்கு அணைந்துவிட்டதா? இல்லை. ஊசியை ஏற்றுக்கொண்ட மக்களே திருவிழாவையும் தொடர்ந்து நடத்துகின்றார்கள். "இல்லை" என்று நிரூபிக்கப்பட்டதை விட்டுவிட்டு, வாழ்வுக்குப் பொருள் தருவதை வைத்துக்கொள்ளும் வல்லமை பண்பாட்டுக்கு உண்டு.

நாட்டு வைத்தியத்தையும் மூடநம்பிக்கையோடு சேர்த்து எண்ணக்கூடாது. பரியாரியாரின் மூலிகை அறிவு பல நூற்றாண்டு அனுபவத்தில் விளைந்தது. அதைச் சோதித்துப் பார்க்கலாம், பயனுள்ளதை வைத்துக்கொள்ளலாம், பயனில்லாததை விடலாம். சோதனைக்கு உட்பட விரும்பும் எந்த அறிவும் எமக்கு உறவுதான்.

ஏளனம் மருந்தாகாது

கேரளத்தில் பிறந்து 1928இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்திலும் பின் கொழும்பிலும் தாவரவியல் கற்பித்த கலாநிதி ஆபிரகாம் கோவூர், மோசடியில்லாத சூழலில் அற்புத சக்தியைக் காட்டுபவருக்கு ஒரு இலட்சம் ரூபா தருவதாக 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும்வரை அப்பணத்தை எவரும் வெல்லவில்லை. மந்திரத்தின் பெயரால் மக்களை ஏய்ப்பவர்களை அவர் துணிவோடு எதிர்த்தார். கடவுள் நம்பிக்கை பற்றி நாம் அவரோடு உடன்படாவிட்டாலும், அந்தத் துணிவுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். ஆனால் பார்வை பார்ப்பவரின் வீட்டு முற்றத்தில் நடுச்சாமத்தில் நிற்கும் தகப்பனுக்குச் சவாலும் ஏளனமும் உதவுவதில்லை. அவர் ஏன் அங்கே நிற்கின்றார் என்று கேட்க வேண்டும்.

வைத்தியசாலை தூரத்தில். இரவில் பஸ் இல்லை. வாகனம் பிடிக்கக் கையில் காசில்லை. வைத்தியசாலையில் தன் மொழி தெரிந்தவர் இருப்பாரோ என்ற பயம். ஏன் பிந்தி வந்தாய் என்று ஏசுவார்களோ என்ற கூச்சம். 2009வரை நீடித்த யுத்த காலத்தில் ஊரடங்கும் சோதனைச் சாவடிகளும் மூடிய பாதைகளும் வேறு. அக்காலத்தில் பல கிராமங்களுக்கு எட்டிய ஒரே வைத்தியர் பார்வை பார்ப்பவரே. அவர் காசு கேட்பதில்லை. கதவைத் தட்டினால் எழுந்து வருகின்றார். நோயாளியின் தலையைத் தடவி, பயப்படாதே என்கின்றார். சேவை எட்டாத இடத்தை மூடநம்பிக்கை நிரப்புகின்றது. ஆகவே அதைக் களைய வேண்டுமாயின் பிரசங்கம் மட்டும் போதாது. பாதையும் வாகனமும் கனிவான சொல்லும் வேண்டும்.

கிராமத்தில் நாம் செய்யக்கூடியவை

1. பார்வை பார்ப்பவரைப் பகைக்காமல் சென்று சந்திப்போம். "ஐயா, நீங்கள் மந்திரியுங்கள்; ஆனால் ஒருவரையும் மறிக்காமல் உடனே வைத்தியசாலைக்கு அனுப்புங்கள்" என்று கேட்போம். அவருடைய சொல்லுக்கு ஊரில் மதிப்புண்டு. அது எமது துண்டுப் பிரசுரத்தைவிட விரைவாக வேலை செய்யும்.

2. கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்துத் தூக்கிச் செல்ல வேண்டும். மோதிரம், காப்பு, கொலுசு என்பவற்றை வீக்கம் வருமுன் கழற்ற வேண்டும். இறுக்கிக் கயிறு கட்டுதல், கீறுதல், வாயால் உறிஞ்சுதல், சாராயம் கொடுத்தல் ஆகாது. பாம்பைத் துரத்தி அடிப்பதில் நேரத்தைப் போக்கவும் கூடாது. இன்னொருவரும் கடிபட நேரும். கடித்த நேரத்தைக் குறித்து வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

3. இரவில் படுத்தவருக்குக் காரணமின்றி வயிற்றுவலியும், பின் இமைச் சோர்வும் கண்டால், பாம்பைக் காணாவிட்டாலும் எட்டடி விரியனை நினைக்க வேண்டும்.

4. 1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இச்சேவை 2018இல் வடக்குக்கும் வந்தது. அம்புலன்ஸ் வரப் பிந்தக்கூடிய ஊர்களில், இரவில் புறப்படத் தயாரான இரண்டு முச்சக்கர வண்டிக்காரரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் சனசமூக நிலையத்தில் எழுதி ஒட்டலாம். எரிபொருளுக்கென மாதர் சங்கத்தில் ஒரு சிறு நிதியை ஒதுக்கலாம். அரச வைத்தியசாலையில் விஷமுறிவு மருந்து இலவசம் என்பதையும் எல்லோரும் அறியச் செய்ய வேண்டும்.

5. நிலத்தில் படுப்பதைத் தவிர்த்துக் கட்டிலில் படுப்போம். முடியாதவர்கள் நுளம்பு வலையின் ஓரத்தைப் பாயின் கீழ் செருகிக்கொண்டு படுக்கலாம். இரவில் டோர்ச் இல்லாமல் வெளியே போகாதிருப்போம். வயல் வெட்டும்போது நீண்ட சப்பாத்து அணிவோம். வீட்டோரத்தில் விறகையும் நெல் மூடையையும் குவிக்காமல் விடுவோம். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும்.

கூட்டங்களில் கலந்துரையாட

1. கடந்த ஐந்து ஆண்டுகளில் எமது கிராமத்தில் பாம்பு கடித்தவர்கள் எத்தனை பேர்? அவர்கள் முதலில் எங்கே சென்றார்கள்? எவ்வளவு நேரத்தில் வைத்தியசாலையை அடைந்தார்கள்? பிழைத்தவர்களை மட்டுமல்ல, இறந்தவர்களையும் சேர்த்துக் கணக்கெடுங்கள்.

2. எமது வீட்டில் நாம் கைக்கொள்ளும் வழக்கமொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது பயனில்லை என்று காட்டப்பட்டால் அதை விட எமக்கு மனம் வருமா? வராதாயின் ஏன்?

3. சீராக் 38:1-14ஐ வாசியுங்கள். எமது பங்கில் நோயாளரைச் சந்திப்பவர்கள் செபத்தோடு வேறு என்ன உதவியைக் கொண்டுபோகலாம்?

4. இன்றிரவு ஒரு பிள்ளையைப் பாம்பு கடித்தால், இக்கிராமத்திலிருந்து யாருடைய வாகனத்தில், எந்தப் பாதையால், எந்த வைத்தியசாலைக்குக் கொண்டுபோவோம்? கூட்டம் கலையுமுன் இதற்குப் பதிலை எழுதி முடியுங்கள்.